‘போ’ன்னா ‘வா’ன்னு அர்த்தமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து டி.வி.யில் கறுப்பு வெள்ளைப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தா தொடையில் தாளம் போடுகிறார். பாட்டி கூடவே முணுமுணுக்கிறார். திரையில் கதாநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடக்க, கதாநாயகன் விடாமல் பின்னாலேயே போகிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கேட்கிறாள்: ‘‘அந்த அக்காதான் வேணாங்கறாங்களே... இவரு ஏன் இன்னும் பின்னாடியே வர்றாரு?’’

எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். ‘‘சும்மா பாரு, அது சினிமா!’’

கேட்ட பெண்ணைப் பற்றிக்கூட எனக்குக் கவலை இல்லை. கேட்கத் தெரிந்தவள் பிழைத்துக்கொள்வாள். அதே சோபாவில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினைந்து வயது அண்ணன் இருக்கிறானே, அவன் அந்த நாலு நிமிஷத்தில் என்ன கற்றுக்கொண்டான்? ‘முதலில் வேண்டாம் என்பாள். விடாமல் போனால் கடைசிச் சரணத்தில் சிரிப்பாள்.’ இதைத்தானே?

உடனே, ‘பழைய பாட்டையெல்லாம் கேட்கக் கூடாது என்று சொல்லப் போகிறாள்’ என்று பயந்துவிடாதீர்கள். ஏ.எம். ராஜா குரல் காதில் விழுந்தால் அடுப்பில் பால் பொங்குவது தெரியாத கட்சிதான் நானும். பாட்டை ஒதுக்க வேண்டாம். ஆனால், அந்தப் பாட்டில் வரும் பெண் ஏன் ‘போ’ என்கிறாள், அதற்கு அந்தக் காலத்தில் என்ன அர்த்தம், இன்றைக்கு நம் பெண் ‘போ’ என்றால் என்ன அர்த்தம் என்பதைப் பிள்ளைகளிடம் பேசியாக வேண்டும்.

ஆசையைச் சொல்லக் கூடாது!

இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. தன் ஆசையைத் தலைவனுக்கு எதிரே தலைவி தானாக எடுத்துச் சொல்வது வழக்கமில்லை என்றும் அதே நூல் சொல்கிறது. அவளுக்காகப் பேசத் தோழி வேண்டும். ஆசை இருக்கிறது, ஆனால் வாய் திறக்கக் கூடாது. அப்புறம் என்ன செய்வாள்? ‘வா’ என்று சொல்ல அனுமதி இல்லாதவள், ‘போ’ என்று சொல்லிவிட்டுக் கடைக்கண்ணால் பார்ப்பாள்.

திருக்குறளின் காமத்துப்பாலில் ‘குறிப்பறிதல்’ என்று ஓர் அதிகாரம், 110-வது. நான் பார்க்கும்போது அவள் தரையைப் பார்க்கிறாள், நான் பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள் என்று அதில் தலைவன் சொல்கிறான். யாரோ எவரோ என்பதுபோல அவள் கடுமையாகப் பேசினாலும், உள்ளே பகை இல்லை என்பது சீக்கிரம் தெரிந்துவிடுமாம். ‘அதானே! வள்ளுவரே சொல்லிட்டாரே’ என்று யாராவது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்கு முன்னால், அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளையும் படிக்க வேண்டும். இரண்டு பேர் கண்ணும் ஒத்துப்போன பிறகு வாய்ச்சொல் தேவையில்லை என்கிறார். இரண்டு பேர் கண்ணும்! ஒருவன் கண் மட்டும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். இதே ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் பொருட்பாலிலும் ஓர் அதிகாரம் இருக்கிறது, 71-வது. அரசனின் முகம் பார்த்து அவன் மனசில் இருப்பதைப் புரிந்துகொள்வது பற்றியது. ராஜா முகம் சுளித்தால் யாராவது, ‘உள்ளுக்குள்ளே சந்தோஷமாத்தான் இருப்பார்’ என்று நினைத்துக்கொண்டு மேலே மேலே பேசுவார்களா? இரண்டடி பின்னால் போவார்கள். பெண் முகம் சுளித்தால் மட்டும் அர்த்தம் தலைகீழாக மாறிவிடுகிறது.

ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்றும், பொருந்தாததற்குப் பெருந்திணை என்றும் பெயர் வைத்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியவர்களும் நம் முன்னோர்தான். பனை மடலில் குதிரை செய்து, ஊர் நடுவே அதில் ஏறி, ‘பெண்ணைக் கொடுக்காவிட்டால் பார்’ என்று நின்றானே, அந்த மடலேறுதலைப் பெருந்திணையில்தான் தொல்காப்பியம் சேர்த்தது. விடாப்பிடியை உயர்ந்த காதலாக நாம் கொண்டாட ஆரம்பித்தது அப்புறம்தான்.

அவளுக்கு ஒரு சரணம்

1959-ல் ஸ்ரீதர் எடுத்த ‘கல்யாண பரிசு’ படத்தை நினைத்துப் பாருங்கள். ஜெமினி கணேசனும் சரோஜாதேவியும் சைக்கிளில் போகும் அந்தப் பாட்டுக்காகவே இன்றும் பார்க்கிறவர்கள் உண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகள், ராஜா, சுசீலா குரல்கள்... கேட்கவா வேண்டும்! ஆனால் அந்தக் காதல் எப்படி ஆரம்பிக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அவன் காதல் கடிதம் கொடுக்கிறான். அவள் கல்லூரி முதல்வரிடம் புகார் செய்கிறாள். அவனைக் கல்லூரியிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அறுபது வருஷத்துக்கும் முந்தைய படத்தில், ஒரு பெண் ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று சொன்னதை ஒரு கல்லூரி அப்படியே எடுத்துக்கொண்டது. அவள் மனசு மாறுவதும் காதலிப்பதும் பின்னால் அவளாக எடுக்கும் முடிவு. (புகார் கொடுத்ததற்காக அவளையே மன்னிப்புக் கேட்க வைத்திருக்க வேண்டாம். அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.)

1966-ல் வந்த ‘அன்பே வா’வில் எம்.ஜி.ஆர். தன் சொந்த பங்களாவிலேயே யாரென்று சொல்லாமல் வந்து தங்குவார். அங்கே குடியிருக்கும் சரோஜாதேவிக்கும் அவருக்கும் எப்போது பார்த்தாலும் சண்டை. யார் யாரை வம்புக்கு இழுக்கிறார்கள் என்று பிரிக்கவே முடியாது. இவர் ஒன்று சொன்னால் அவர் இரண்டு திருப்பிக் கொடுப்பார். அதைப் பார்க்கும்போது நமக்குச் சிரிப்புதான் வருகிறது, பயம் வருவதில்லை. காரணம், அங்கே அவளும் விளையாடுகிறாள்.

அதனால்தான் பழைய பாட்டு எது ஓடினாலும் நான் ஒன்றைப் பார்ப்பேன். இதில் அவளுக்கு ஒரு சரணம் இருக்கிறதா? அவன் பல்லவி பாடினால் அவள் பதில் பாடுகிறாளா? பிடிக்காவிட்டால் எழுந்து போக அவளுக்கு வழி இருக்கிறதா? டூயட் என்றால் இரண்டு பேர் பாட்டு. புருஷன் பெண்டாட்டி ஊடலும் அப்படித்தான். ஏற்கெனவே கை கோத்தவர்கள் பொய்க் கோபத்தில் விளையாடுவது. அங்கே வரும் ‘போ’ வேறு, பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவனைப் பார்த்துச் சொல்லும் ‘போ’ வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் வினை.

வருஷம் போகப் போக அவளுடைய சரணம் சுருங்கிக்கொண்டே வந்ததைக் கவனித்தீர்களா? நாலு நண்பர்களோடு கதாநாயகன் வழி மறித்து ஆடுவான். நடுவில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு வரிகூட இருக்காது. முதலில் முறைப்பு, அப்புறம் வெட்கம், கடைசியில் கனவில் வெளிநாட்டு மலையில் ஆட்டம். அதற்கும் பிறகு, மறுத்த பெண்ணைத் திட்டிப் பாடுவதே தனி ரகமாகிவிட்டது. 2011-ல் உலகம் பூராவும் ஓடிய ‘கொலவெறி’ பாட்டு தன்னையே ‘சூப் சாங்’ என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். தோற்ற காதலனின் புலம்பல் என்று அர்த்தம். மெட்டு நன்றாக இருந்தது, நாமும்தான் முணுமுணுத்தோம். ஆனால், ‘மாட்டேன்’ என்று சொன்ன ஒரு பெண் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள் என்பது நம்மில் எத்தனை பேருக்கு உறைத்தது?

நடுவே, கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ (1976) மாதிரி ஒன்றிரண்டு படங்கள் வேறு பக்கத்தையும் காட்டின. ஸ்ரீதேவி மேல் ஆசைப்படும் ரஜினி, காதலன் கமல் தண்ணீரில் விழுந்த பிறகும் காப்பாற்றாமல் படகை ஓட்டிக்கொண்டே போவாரே... விடாப்பிடியான ஆசை என்பது உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டிய பாட்டு அது. ஆனால் வில்லன் செய்தால்தான் அது விடாப்பிடி. ஹீரோ செய்தால் காதல்!

திரைக்கு வெளியே

1998-ல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்கள் சீண்டியதில் கீழே விழுந்து ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். தமிழகமே கொதித்துப் போனது. அந்த வருஷமே ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் வந்தது. ‘டீசிங்’ என்ற சொல்லைப் பாருங்கள்... ஏதோ முறைப்பையன் ஜடையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. சில வருஷங்களில் சட்டத்தின் பெயரையே பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று மாற்றினார்கள். விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வதே குற்றம் என்று 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிப்பிரிவு, 354-டி, சேர்ந்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-வது பிரிவு. நேரில் மட்டுமில்லை, அவளுடைய போனையும் இணையத்தையும் வேவு பார்ப்பதும் இதில் வரும்.

2016 ஜூனில், காலை நேரத்தில், நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, ‘நம் சினிமா எதைக் காதல் என்று சொல்லிக் கொடுக்கிறது’ என்ற விவாதம் எல்லாப் பத்திரிகைகளிலும் எழுந்தது. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு யாரும் அரிவாள் எடுப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கொலை வரை போகாத ஆயிரம் சின்னச் சின்னத் துரத்தல்கள் தினமும் நடக்கின்றன. துரத்துகிறவன் தன்னை ஹீரோ என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ரேடியோவில் தவறாமல் ஒலிக்கும் பழைய டூயட் ஒன்று உண்டு. ‘பேபி, இட்ஸ் கோல்ட் அவுட்சைட்’ என்று பெயர். ஃபிராங்க் லெஸர் 1944-ல் எழுதி, தன் மனைவியோடு சேர்ந்து வீட்டு விருந்துகளில் பாடியது. இரவு நேரம். அவன் வீட்டுக்கு வந்தவள் கிளம்ப வேண்டும் என்கிறாள். வெளியே குளிர், இரு இரு என்கிறான் அவன். 1949-ல் வந்த ‘நெப்டியூன்ஸ் டாட்டர்’ படத்தில் இடம்பெற்று ஆஸ்கர் விருதும் வாங்கியது. 2018-ல், கிளீவ்லாண்ட் நகரத்து வானொலி ஒன்று, இனி இதைப் போடமாட்டோம் என்றது. கனடாவின் அரசு வானொலியும் நிறுத்தியது. நேயர்கள் சத்தம் போடவே, திரும்பப் போட ஆரம்பித்தது.

எதிர்த்தவர்கள் சொன்னது: அவள் ஓர் இடத்தில் முடியாது என்றே சொல்லிவிடுகிறாள், குடிக்கக் கொடுத்ததில் என்ன கலந்திருக்கிறது என்றும் கேட்கிறாள், இது எப்படிக் காதல் பாட்டாகும்? ஆதரித்தவர்கள் சொன்னது: கொஞ்சம் நன்றாகக் கேளுங்கள், அம்மா என்ன நினைப்பாள், அக்கம்பக்கம் என்ன பேசும் என்றுதான் அவள் கவலைப்படுகிறாள், ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்லவே இல்லை. கல்யாணமாகாத பெண் ஆணின் வீட்டில் ராத்தங்குவது அந்தக் காலத்து அமெரிக்காவிலும் ஊர்வாய்க்கு அவல்தான். தங்க ஆசைப்படும் பெண் சாக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. நம்ம ஊர் நாணம் மாதிரியே இல்லை?

எனக்கு இரண்டு கட்சியும் சரி என்றே தோன்றுகிறது. எழுதியவர் மனசில் இருந்தது ஒன்று. எழுபது வருஷம் கழித்து, தானே சம்பாதித்து, தானே முடிவெடுக்கும் ஒரு பெண் காதில் விழுவது வேறொன்று. (அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை. இதே பாட்டு இரண்டு ஜோடிகளுக்கு வரும். இரண்டாவது ஜோடியில் ‘இரு, இரு’ என்று வற்புறுத்துவது பெண், நழுவப் பார்ப்பது ஆண்!) 2019-ல் ஜான் லெஜண்டும் கெல்லி கிளார்க்சனும் வரிகளை மாற்றிப் புதிதாகப் பாடினார்கள். அதற்கும் திட்டு விழுந்தது.

உடம்பு சொல்வது வேறு

இனி நம் பத்திரிகைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். பாட்டில் கடைசியில் அவள் சிரிப்பாள். நிஜத்திலும் பெண்கள் சிரிப்பதுண்டு, பயத்தில்! எதிரே நிற்பவன் கோபப்பட்டு எதுவும் செய்துவிடக் கூடாதே என்று சமாளிக்கிற சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு, ‘மாமா, சிரிச்சுட்டாடா!’ என்று கூட்டாளிகள் கைதட்டுவார்கள்.

ஆபத்து என்று மூளை உணர்ந்தால் உடம்பு மூன்று விதமாக நடந்துகொள்ளும். எதிர்த்து நிற்கும், ஓடும், அல்லது உறைந்து போகும். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதுதான் தெரிவதில்லை. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், கால் நகராது. கத்த வேண்டும் என்று நினைத்தாலும் குரல் வராது. இது அவள் விரும்பித் தேர்ந்தெடுப்பது இல்லை, நரம்பு மண்டலம் செய்யும் வேலை. ‘பிடிக்கலைன்னா கத்தியிருக்கலாமே?’ என்று கேட்கிற பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழி கல்யாணப் பேச்சுக்கே ஆபத்தானது, இங்கே இன்னும் ஆபத்தானது.

நாள்கணக்கில் ஒருவன் பின்தொடர்ந்தால் உடம்பு எப்போதும் உஷார் நிலையிலேயே இருக்கும். தூக்கம் கெடும். பசி போகும். தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் மட்டம் போடுவாள். படிப்பில் கவனம் குறையும். நாம் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்போம்! டியூஷனுக்குத் திடீரென்று வேறு தெரு வழியாகப் போகிறாள், தனியாகப் போகப் பயப்படுகிறாள், போன் அடித்தால் திடுக்கிடுகிறாள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள்.

கேட்டும் பெண்கள் சொல்லாததற்குக் காரணம் நாம்தான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ‘நீ என்ன பண்ணினே?’ என்பது முதல் கேள்வி. போனைப் பிடுங்குவது இரண்டாவது. படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்ப்பது மூன்றாவது. துரத்தினவன் தெருவில் சுதந்திரமாகச் சுற்றுவான், வீட்டுக்குள் அடைபடுவது இவள். இதற்குப் பேசாமலே இருந்துவிடலாம் என்று அவள் நினைப்பதில் தப்பென்ன? ‘நீ சொன்னதால உன் படிப்பு நிக்காது’ என்ற ஒரு வாக்கியத்தை, பிரச்னை எதுவும் வராத நாளிலேயே, சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லி வையுங்கள்.

பையனிடம் பேசுவதுதான் நம்மில் பலருக்கும் வராத காரியம். அப்பாக்கள் நழுவிவிடுவார்கள். பாட்டு ஓடும்போதே ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம். ‘‘ஏண்டா, உன் அக்கா பின்னாடி ஒருத்தன் இப்படி வந்தா நீ தாளம் போடுவியா?’’ என்று கேட்கலாம். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. யாருக்கோ அக்கா என்பதால் மட்டும் மரியாதை இல்லை, அவளுக்கென்று ஒரு மனசு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிடித்திருந்தால் ஒரு தடவை மரியாதையாகச் சொல்லலாம். ‘இல்லை’ என்றால் அத்துடன் விட வேண்டும். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்பதும் ‘சரி’ இல்லை. பதில் வராத மெசேஜுக்கு மேல் பத்து மெசேஜ் அனுப்பினால் அதுவும் பின்தொடர்தல்தான். அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால், உடல் விஷயத்தில் அவள் ‘சரி’ என்றே சொல்லியிருந்தாலும் 2012-ன் போக்சோ சட்டத்தின் முன் அது சம்மதமே ஆகாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுப்பு வலிக்கும். அதை இல்லையென்று சொல்லி அவனை ஏமாற்றாதீர்கள். அந்த வயசில் உணர்ச்சி முதலில் ஓடும், நிதானம் பின்னால்தான் வரும். யோசித்துக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபத்தைந்து வயசை ஒட்டி ஆகிவிடுகிறது. சாப்பிடாமல் கிடக்கிறான், கையைக் கிழித்துக்கொள்கிறேன் என்கிறான், ‘அவளை விடமாட்டேன்’ என்கிறான் என்றால் ‘வயசுக் கோளாறு’ என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சூப் சாங் போட்டு ஆற்றுகிற காயம் இல்லை அது.

கல்யாணமான வீட்டுக்குள்ளும் இந்தப் பாடம் உண்டு. பால் சொம்போடு குனிந்த தலை நிமிராமல் வருகிற புதுப்பெண்ணின் மௌனத்தை நாணம் என்று சினிமா சொல்லித் தந்திருக்கிறது. அது நாணமாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். பயத்தில் தசைகள் இறுகிக்கொண்டால் தாம்பத்தியம் வலியாகிவிடும். அந்த வலியை வெளியே சொல்ல முடியாமல் வருஷக்கணக்கில் சகித்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். ‘இன்னிக்கு வேணாமா?’ என்று கேட்டால் புருஷன் குறைந்து போய்விட மாட்டான். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது.

பாடல் எழுதியவர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. நம் பழைய பாட்டுகளில் பெண்ணின் வெட்கத்தையும் ‘போ’வையும் எழுதியது பெரும்பாலும் ஆண்கள்தான். சுசீலாவும் ஜானகியும் அதற்கு உயிர் கொடுத்தார்கள். ஒரு பெண் தன் ஆசையைத் தானே, சுற்றி வளைக்காமல் சொல்லும் பாட்டு என்றால் நம்மில் பலருக்கும் நினைவு வருவது, 2001-ல் ‘மின்னலே’ படத்துக்காகத் தாமரை எழுதி பாம்பே ஜெயஸ்ரீ பாடியதுதான். ஆனால் கதையைப் பாருங்கள்... அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து பழகுபவன் அந்தப் படத்தின் கதாநாயகன். அவள் ‘சரி’ என்று சொன்னாள்தான், ஆனால் யாருக்கு? 2019-ல் ‘நேர்கொண்ட பார்வை’ வந்தபோது, ‘பிங்க்’ என்ற இந்திப் படத்தின் கதையை எடுத்துக்கொண்டு, பெண் ‘நோ’ என்றால் ‘நோ’தான் என்று கோர்ட்டில் நின்று அஜித் பேசினார்.

கடைசியாக, தொல்லை கொடுக்கிறவன் பற்றி: அவன் அனுப்பிய மெசேஜ்களை, அருவருப்பாக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், கூட யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ வாயால் சொல்லாமல் எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண்கள் 181, 1091. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 1098. இந்த மூன்று எண்களையும் பெண்ணின் போனில் மட்டுமில்லாமல் பாட்டியின் போனிலும் பதிந்து வையுங்கள். நம் வீடுகளில் பேத்திகள் முதலில் வாய் திறப்பது அவர்களிடம்தான்.